மண்டகப்பட்டில் காசு செல்லாது

வெளிநாடு போய்வந்தவர்கள் கட்டுரை எழுதுவதுதான் வழக்கம். நான் வெளிநாடு போனதில்லை. பாஸ்போர்ட் என்பதை அடுத்தவர் சட்டைப்பையில் பார்த்ததோடு சரி. ஆனால் அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம், வெளிநாடே தொப்பி போட்டுக்கொண்டு எங்கள் ஆபீசுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. அதை விழுப்புரம் பக்கம் அழைத்துப்போய்ச் சுற்றிக் காட்டிவரும்படி எனக்கு உத்தரவு. ஆகவே எனக்கும் ஒரு கட்டுரை எழுதிக்கொள்ளும் பாத்தியதை உண்டு என்று நினைக்கிறேன்.

வந்தவர் பெயர் ஹூபர். ஐரோப்பாவில் பனிமலையும் பசுமாடும் தவிர வேறு விளைச்சல் இல்லாத ஒரு சின்ன தேசத்துக்காரர். அந்த மலையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டியே அவர்கள் பணக்காரர்களாகிவிட்டார்களாம். சுற்றுலாவால் ஒரு தேசத்துக்கு என்ன வரும்படி கிடைக்கும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் நிபுணர் அவர். நம் தேசத்திலும் சுற்றுலா என்பது ஒரு தொழில் என்று அப்போதுதான் டில்லியில் யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். அதுவரை நாம் அதைக் காசி, ராமேசுவரம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் இலாகாவிலும் ஒரு புதுப்பிரிவு திறந்து மூன்று மேசை போட்டார்கள். மீன்வளப் பிரிவில் குமாஸ்தாவாக இருந்த என்னைத் தூக்கி அங்கே போட்டார்கள். எனக்கு இங்கிலீஷ் சரளமாக வரும் என்பது ஒரு காரணம். மீன் சாப்பிடமாட்டேன் என்பது இன்னொரு காரணம்.

மகாபலிபுரத்தைப் பார்த்துவிட்ட வெளிநாட்டுப் பயணி மறுநாள் என்ன செய்வான் என்பது டில்லியின் கவலை. அவனை இன்னும் ஒரு நாள் பிடித்துவைத்தால் இன்னும் ஒரு நாள் செலவு செய்வான். தேசத்துக்கு அந்நியச் செலாவணி சேரும். அந்த ஒரு நாளுக்குத் திண்டிவனம், விழுப்புரம் பக்கத்தில் என்ன இருக்கிறது, அதற்கு ரோடு போட்டால் போட்ட பணம் திரும்புமா என்று ஹூபர் பார்த்துச் சொல்லவேண்டும். அவர் பேசுவதைத் தமிழிலும், எதிராளி பேசுவதை இங்கிலீஷிலும் நான் சொல்லவேண்டும். நடுவில் என் அபிப்பிராயம் எதையும் கலக்கக்கூடாது என்று மேலதிகாரி எச்சரித்து அனுப்பினார்.

முதல் நாள் இலாகா காரில் கிளம்பினோம். அச்சிறுபாக்கம் வந்ததும் கார் நின்றுவிட்டது. டிரைவர் மூடியைத் திறந்து பார்த்தார், அடியில் படுத்துப் பார்த்தார், கடைசியில் எழுந்து உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். அவர் பீடி பற்றவைத்தால் அரைநாள் வேலை என்று அர்த்தம். திரிபுரம் எரிக்கப் புறப்பட்ட சிவபெருமானின் தேருக்கே அச்சு முறிந்த ஊர் இது, நம்முடைய கார் எம்மாத்திரம் என்று ஹூபருக்கு ஆறுதல் சொன்னேன். அவர் உடனே நிமிர்ந்து, "அதைப் பார்க்க வருஷத்துக்கு எத்தனை பேர் வருகிறார்கள்?" என்று கேட்டார். தேரையா, காரையா என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

காரை டிரைவரிடம் விட்டுவிட்டுத் திண்டிவனம் பஸ்ஸில் தொற்றிக்கொண்டோம். துரை என்பதால் யாரோ எழுந்து ஹூபருக்கு இடம் கொடுத்தார்கள். அடுத்த நிறுத்தத்தில் ஒரு கையில் கூடையும் இடுப்பில் குழந்தையுமாக ஒருத்தி ஏறினாள். சுற்றிலும் பார்த்தாள். ஹூபரின் மடி மட்டும்தான் காலியாக இருந்தது. "இந்தாங்க தொர, செத்த நேரம் புடிச்சிக்கினு வாங்க" என்று குழந்தையை அதில் உட்காரவைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். குழந்தை அவருடைய தொப்பியை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தது.

"இந்தப் பெண்மணிக்கு என்னைத் தெரியாதே" என்றார் ஹூபர், கவலையோடு.

தெரியாதுதான், அதற்கென்ன என்றேன். திண்டிவனத்தில் அவள் குழந்தையை வாங்கிக்கொண்டு, தொப்பியை முந்தானையில் துடைத்துக் கொடுத்துவிட்டு இறங்கிப் போனாள். அவர்கள் ஊரில் ரயிலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் வைத்துக்கொள்ளலாமாம், அதற்கு மணிக்கணக்கில் கூலியாம். அதை அவர் சொன்னபோது கொஞ்சம் ஏக்கமாகவே சொன்னார்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு ஹோட்டலில் இலை போட்டுச் சாப்பிட்டோம். சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று வந்துகொண்டே இருந்தது. சர்வர் மூன்றாம் தரம் சோறு கொண்டுவந்தபோது ஹூபர் இலையைக் கையால் மறைத்தார். சர்வர் கையில்லாத பக்கமாகப் பார்த்துப் போட்டுவிட்டுப் போனார். இதற்குத் தனி விலையா என்று ஹூபர் கேட்டார். இல்லை என்றேன். "அப்படியானால் அவர் ஏன் இப்படிக் கெஞ்சுகிறார்? நான் குறைவாகச் சாப்பிட்டால் இவருக்குத்தானே லாபம்?" என்றார். பிறந்ததிலிருந்து ஹோட்டலில் சாப்பிட்டு வரும் எனக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றியதே இல்லை.

வெளியே ஒரு அம்மாள் அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டிருந்தாள். வேர்க்கடலையை அந்தப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஹூபர் ஓர் ஆழாக்கு வாங்கினார். அளந்து கொட்டியபின் அந்த அம்மாள் ஒரு கைப்பிடி அள்ளி மேலே போட்டாள். இது எதற்கு என்று கேட்டார். கொசுறு என்றேன். கொசுறுக்கு இங்கிலீஷ் தேடி நான் முழித்ததில் அவருக்கு ஆர்வம் அதிகமாகிவிட்டது. அந்த அம்மாளையே கேட்கச் சொன்னார்.

"எதுக்குன்னா இன்னா சொல்றதுங்க? அளந்தத மட்டும் குடுத்து அனுப்புனா மொகத்துல அடிச்ச மாரி இல்ல?" என்றாள் அவள். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு ஹூபர் கார் வந்துசேரும்வரை கடலை உரித்துக்கொண்டிருந்தார். இந்தத் தேசத்தில் வியாபாரம் என்று ஒன்று நடக்கிறதா என்ற சந்தேகம் அவருக்கு அங்கேதான் வந்திருக்கவேண்டும்.

சாயங்காலம் விழுப்புரம் சேர்ந்து பயணிகள் பங்களாவில் தங்கினோம். ஹூபர் குளித்துவிட்டு வந்து பீர் கேட்டார். சென்னை ராஜ்யத்தில் அப்போது மதுவிலக்கு. வெளிநாட்டுக்காரர் குடிக்கவேண்டுமானால் அதற்குப் பர்மிட் உண்டு. அதை வாங்கிக் கொடுக்க எங்கள் பிரிவு மறந்துவிட்டது. நான் கையைப் பிசைவதைப் பார்த்து வாட்ச்மேன் பக்கத்தில் வந்தார்.

"இதுக்கு ஏன் சார் பேஜாரு? பாண்டி பஸ்ல குந்தினா வளவனூரு. அத்த தாண்டிப் பூட்டா கேக்கறதுக்கு ஆளில்ல. பாண்டிச்சேரியில இன்னா வேணும்னாலும் கெடைக்கும்" என்றார்.

ஹூபர் பீரை மறந்துவிட்டு ஊர் பார்க்கக் கிளம்பினார். பஸ் ஸ்டாண்டில் பாண்டிச்சேரி பஸ்ஸில் மட்டும் ஆண்கள் முண்டியடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். எல்லாரும் எங்கே போகிறார்கள் என்று கேட்டார். பாண்டிச்சேரிக்கு. எதற்கு? போய்விட்டு வர. மூட்டை முடிச்சு ஒன்றும் இல்லையே? சாயங்காலம் போய் ராத்திரியே திரும்பிவிடுவார்கள். தினமுமா? சிலர் தினமும். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இதுதான் உள்நாட்டுச் சுற்றுலா! ஒரு விளம்பரம்கூட இல்லாமல் எப்படி வளர்ந்திருக்கிறது பாருங்கள்!" என்றார். அங்கே ஏதாவது புண்ணியத்தலம் உண்டா என்றும் கேட்டார். போகிறவர்கள் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்றேன். அபிப்பிராயம் கலக்காமல் அதற்குமேல் சொல்ல முடியவில்லை.

இரண்டாம் நாள் மண்டகப்பட்டு. செஞ்சி ரோட்டில் போய் ஒரு டீக்கடையில் திரும்பவேண்டும். திரும்பியதும் ரோடு முடிந்துவிட்டது. அதற்குமேல் ஊர்வரை வண்டித்தடம்தான், நடுவே ஓர் ஓடை. மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் கார் கொஞ்சதூரம் தைரியமாகப் போய், சக்கரம் பாதிவரை சேற்றில் இறங்கி உட்கார்ந்துகொண்டது. டிரைவர் பீடிக்கட்டை எடுத்தார்.

அப்போது எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. ஓட்டிவந்தவன் பெயர் ஏழுமலை. முப்பது வயதுக்குள் இருக்கும், அந்த ஊர்க் குடியானவன். ஓடையில் தண்ணீர் வடிந்திருக்கிறதா என்று பார்ப்பதற்காகவே வண்டியைக் கட்டிக்கொண்டு வந்தானாம். மாட்டை அவிழ்த்துக் காரில் பூட்டி இழுத்து மேட்டில் விட்டான். பிறகு எங்களைத் தன் வண்டியில் ஏறச் சொன்னான்.

"ரோடு போட வந்த ஆபீசருங்களா சார்?"

ரோடு போட வரவில்லை, இவர் குகையைப் பார்க்க வந்தவர், இவருக்குப் பிடித்து எழுதினால் ஒருவேளை ரோடு வரும் என்றேன். அதன்பிறகு அவன் தடத்தைப் பார்த்து ஓட்டியதைவிட ஹூபரின் முகத்தைப் பார்த்து ஓட்டியதுதான் அதிகம். வண்டி ஒவ்வொரு பள்ளத்திலும் இறங்கி ஏறியது. என் குடல் இருக்கும் இடம் எனக்கு முதல் தடவையாகத் தெளிவாகத் தெரிந்தது. ஹூபர் தொப்பியைப் பிடித்துக்கொண்டு "அற்புதம், அற்புதம்" என்றார்.

குகைக்கோயிலைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை, பார்த்தால் தெரியும். பாறையைக் குடைந்து தூண் நிறுத்தி, இரண்டு பக்கமும் துவாரபாலகர்களைக் காவல் வைத்திருக்கிறான் பல்லவ மன்னன். உள்ளே ஆடுகள் படுத்திருந்தன. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இதைச் செய்தேன் என்று கல்வெட்டில் பெருமையாக வெட்டிவைத்திருக்கிறான். எங்கள் பிரிவும் அதே முறையில்தான் சுற்றுலாத் தொழிலைக் கட்டிக்கொண்டிருந்தது. ஹூபருக்கு இடம் மிகவும் பிடித்துவிட்டது. பக்கத்திலேயே நின்ற ஏழுமலை, "புடிச்சிருக்குதாங்க?" என்று என்னைக் கேட்டான். பிடித்திருக்கிறது என்றேன். அவன் அந்தத் துவாரபாலகரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டான்.

மத்தியானம் கிராம முன்சீப் வீட்டில் சாப்பாடு. ஊருக்குப் பெரியவர் அவர். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாசலிலேயே காத்திருந்தார். ஹூபருக்குக் கோழிக்குழம்பு. எனக்குக் கேப்பைக் களி, கீரை, மல்லாட்டைத் துவையல். நான் அதற்கு முன் களி சாப்பிட்டதில்லை. மென்று சாப்பிட்டதைப் பார்த்து உள்ளே பெண்கள் சிரித்தார்கள். மெல்லாமல் விழுங்கவேண்டுமாம். கை கழுவியதும் ஹூபர் பர்ஸை எடுத்தார். முன்சீப் முகம் சுருங்கிவிட்டது.

"சார், அத்த உள்ள வெக்கச் சொல்லுங்க. பொம்பளைங்க பாத்தாங்கன்னா மனசு ஒடிஞ்சி பூடுவாங்க" என்றார் தாழ்ந்த குரலில்.

அதோடு ஹூபர் விட்டிருக்கலாம். இளநீர் வெட்டிக்கொடுத்தவரிடம் நீட்டினார். அவர் அரிவாளோடு இரண்டடி பின்னால் போனார். ஆட்டை ஓட்டிவிட்டுக் குகையைப் பெருக்கிய பெண்ணிடம் நீட்டினார். அவள் ஓடியே போய்விட்டாள். ஏழுமலையிடம் நீட்டினார். "காரு சேத்துல மாட்டிக்கினு நிக்கசொல்ல இட்டாந்தேன். இதுக்குப் போயி காசு வாங்குவாங்களா சார்?" என்றான் அவன்.

ஹூபர் ஒரு பாறைமேல் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டு நிதானமாக விளக்கினார். "காலையிலிருந்து இங்கே இருக்கிறேன். எவ்வளவு முயன்றும் ஒரு காசு செலவழிக்க முடியவில்லை. பயணி செலவு செய்தால்தான் அது தொழில். அவனால் செலவு செய்ய முடியாத ஊருக்கு அரசாங்கம் ஏன் ரோடு போடவேண்டும்? இப்போது இருக்கும் நிலையில், சிபாரிசு செய்ய எனக்கு வழி இல்லை. இதை அவர்களிடம் சொல்லுங்கள்."

சொன்னேன். விருந்து வைத்து ஊராருக்கு மிகவும் நல்லது செய்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த முன்சீப் தலையைக் குனிந்துகொண்டார். ஏழுமலை போய் மாட்டைப் பூட்டினான்.

திரும்பும்போது ஓடைக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தி எங்களை இறக்கினான். பள்ளம் அதிகம், நடந்து வந்து அந்தப் பக்கம் ஏறிக்கொள்ளுங்கள் என்றான். நான் அவனோடு தண்ணீரில் இறங்கி நடந்தேன். அப்போதுதான் சொன்னான்.

"போன வருசம் இதே எடந்தான் சார். ஊட்டுக்காரிக்கு வலி எடுத்திடிச்சி. விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன், சக்கரம் பூந்துக்கிச்சு. நான் ஒருத்தன் இன்னா பண்ணுவேன்? ஆளுங்கள இட்டாரதுக்குள்ள இங்கியே பொறந்து, இங்கியே பூடிச்சி. ஆம்பளப் புள்ள." மாட்டின் முதுகைத் தட்டிக்கொண்டே கொஞ்சதூரம் நடந்தான். "இப்ப மறுபடியும் மாசம் ஒம்போது. அதுக்குத்தான் சார், எப்பிடியாச்சும் தொர கைல சொல்லி இந்த ரோட்ட..."

காரில் ஏறியதும் அபிப்பிராயமும் கலந்தே ஹூபரிடம் சொன்னேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார். கைக்குட்டையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "ஆனால் அது சுகாதார இலாகா. நான் சுற்றுலா" என்றார். எங்கள் ஆபீசிலேயே பிறந்து வளர்ந்தவர்போல அவர் அதைச் சொன்னது எனக்கு எரிச்சலாக இருந்தது.

முந்தின நாளே சொல்லிவைத்திருந்தபடி, மூன்றாம் நாள் போட்டோ எடுப்பதற்காக மறுபடியும் போனோம். டீக்கடைத் திருப்பத்தில் ஏழுமலை சலவைச் சட்டையோடு நின்றான். வண்டிக்குக் கூண்டு கட்டி, உள்ளே வைக்கோல் பரப்பி, அதன்மேல் ஜமக்காளம் விரித்திருந்தது. மாட்டுக்கொம்பில் புதுக் கயிறு. பக்கத்தில் முன்சீப், அவருக்குப் பின்னால் ஊரில் பாதிப் பேர். முன்சீப் என்னைத் தனியே அழைத்துப்போனார்.

"ஊர் கூடிப் பேசினோம் சார். சோத்துக்கு வெல வெக்க முடியாது. அது ஊருக்கே கேவலம், அத்த யாரும் ஒத்துக்கல. எளனியும் அப்டித்தான், வெயில்ல வந்தவங்களுக்குக் குடுக்கறது. ஆனா வண்டிக்கு வாங்கலாம். நெல்லு மூட்ட ஏத்திக்கினு போனா வாடக வாங்கறோமில்ல? மாட்டுத் தவிட்டுக்கு ஆச்சின்னு வாங்கிக்கலாம், தப்பில்லன்னு முடிவு பண்ணோம். இத்த தொர கைல நீங்களே பதமா சொல்லுங்க."

எவ்வளவு என்று கேட்டேன். முன்சீப் மாடுகளைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டு ரூபா" என்றார். சொல்லிவிட்டு, அதிகமோ என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் சொன்னதும் ஹூபர் துள்ளாத குறைதான். பத்து ரூபாய் நோட்டை எடுத்து நீட்டி, மீதி வேண்டாம் என்றார். ஏழுமலை அதை வாங்கும்போது வேறு யாருடைய பணத்தையோ எடுப்பதுபோல இரண்டு பக்கமும் பார்த்தான். கூட்டத்தில் யாரோ "வாங்கிட்டான்யா!" என்றார்கள். எல்லாரும் சிரித்தார்கள். ஏழுமலைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ரோடே வந்துவிட்டதுபோல ஊர் வண்டிக்கு முன்னால் நடந்தது.

இன்று காசு கொடுத்து ஏறியதால் ஹூபருக்கு வண்டியில் உரிமை வந்துவிட்டது. முன்னால் உட்கார்ந்தார், பின்னால் காலைத் தொங்கப்போட்டார், மாட்டின் வாலைத் தொட்டுப் பார்த்தார். ஓடையைக் கடந்ததும், இன்னொரு தரம் கடக்கலாமா என்று கேட்டார். ஏழுமலை வண்டியைத் திருப்பி மறுபடியும் இறக்கி ஏற்றினான். குகையில் அவர் போட்டோ எடுத்தது பத்து நிமிஷம்கூட இருக்காது. மனம் முழுக்க வண்டியில்தான் இருந்தது.

கிளம்பும்போது ஏழுமலை தயங்கித் தயங்கி என்னிடம் வந்தான். "சார், ஊட்டுக்காரியும் கூட வர்லாங்களா? தண்ணி எறங்கிடிச்சி. அவங்க அம்மா ஊரு வளவனூரு. மறுபடி மழ புடிச்சிக்கறதுக்குள்ள ஜல்தியா கொண்டுபோயி உட்டுட்டா, அங்கேர்ந்து ஆஸ்பத்திரி கிட்டக்க. தொர காசு குடுத்துக்கீறாரு, அவரு வேணாம்னா வேணாம்."

ஹூபர் தாராளமாகச் சம்மதித்தார். அஞ்சலை என்ற அந்தப் பெண் ஒரு துணிமூட்டையோடு வந்தாள். ஹூபர் தொப்பியைக் கழற்றி வணங்கி ஜமக்காளத்தில் பாதியை விட்டுக்கொடுத்தார். அவள் ஓரமாக உட்கார்ந்து, ஒரு கையால் வண்டிக்கட்டையையும் ஒரு கையால் வயிற்றையும் பிடித்துக்கொண்டாள்.

ஏழுமலை இறங்கி மூக்கணாங்கயிற்றைப் பிடித்து மாட்டோடு நடந்தான். எவ்வளவு மெதுவாக நடத்தினாலும் பள்ளம் பள்ளம்தானே. வண்டி ஒரு குதி குதிக்கும்போதெல்லாம் ஹூபர் "ஹோ!" என்று சிரித்தார். அஞ்சலை முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். ஓடை நெருங்கும்போது ஹூபர் என் தோளைத் தட்டினார்.

"நான் முடிவு செய்துவிட்டேன். இங்கே ரோடு போடவே கூடாது. ரோடு போட்டால் பயணி காரில் வருவான், குகையைப் பார்ப்பான், போய்விடுவான். ஒரு காசும் இங்கே தங்காது. இந்த வண்டிதான் இந்த ஊரின் தொழில்! இதற்கு எவ்வளவு வேண்டுமானாலும் கொடுப்பார்கள். இந்த ரோடு இப்படியே இருக்கவேண்டும் என்று முதல் வரியிலேயே எழுதப்போகிறேன்."

ரோடு என்ற வார்த்தை ஏழுமலைக்குத் தெரியும். மாட்டை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தான். முகமெல்லாம் பல்லாக இருந்தது. "சார், ரோடு ரோடுன்னாரே! போடச் சொல்லி எழுதறாராங்களா?"

மூன்று நாளாக வாய் ஓயாமல் மொழிபெயர்த்தவனுக்கு அந்த நிமிஷம் தமிழே மறந்துபோனது. பொய் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். அவன் காத்துக்கொண்டு நின்றான். உள்ளதைச் சொன்னேன். "வண்டிதான் இவருக்குப் பிடித்திருக்கிறதாம். ரோடு வந்தால் வண்டிக்கு வாடகை வராதே, உங்களுக்குத்தான் நஷ்டம், ரோடு வேண்டாம் என்கிறார்."

ஏழுமலை மாட்டுப்பக்கம் திரும்பிக்கொண்டான். அஞ்சலை வாயிலிருந்து முந்தானையை எடுத்தாள். அவள் குரலை அப்போதுதான் கேட்டேன்.

"அப்ப ஒண்ணு பண்ணச் சொல்லுங்க சார். அவரு சம்சாரம் மாசமா இருக்கசொல்ல இட்டாந்து இந்த வண்டியில குந்தவெக்கச் சொல்லுங்க. நாங்க வாடக கூட வாங்கமாட்டோம்."

என்ன சொல்கிறாள் என்று ஹூபர் சிரித்த முகத்தோடு கேட்டார். ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். சிரிப்பு உடனே போகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று. அவர் அவள் கையைப் பார்த்தார். வண்டிக்கட்டையைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்திருந்தன. வண்டியிலிருந்து இறங்கினார். பளபளக்கும் பூட்ஸோடு சேற்றில் நடக்க ஆரம்பித்தார். நானும் இறங்கினேன். ஓடையில் சக்கரம் இறங்கியபோது அவரும் நானும் ஆளுக்கொரு பக்கம் சக்கரத்தைப் பிடித்துத் தள்ளினோம்.

அந்தப் பக்கம் ஏறியதும் அஞ்சலை, "ஏறிக்கச் சொல்லுங்க சார், காசு குடுத்தவரு நடந்து வர்றாரு, நான் குந்திக்கினு வர்றேன், நல்லாவா இருக்குது?" என்றாள். அதையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு நடந்துகொண்டே இருந்தார்.

டீக்கடையில் வண்டியை விட்டுவிட்டு, ஏழுமலையையும் அஞ்சலையையும் காரில் ஏற்றிக்கொண்டு வளவனூர் போனோம். அது ஹூபரின் யோசனைதான். வழி முழுக்க நல்ல ரோடு. அஞ்சலை கதவில் சாய்ந்து தூங்கிவிட்டாள். மகள் காரில் வந்து இறங்கியதைப் பார்த்த அவள் தாய்க்குத் தலைகால் புரியவில்லை. எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒரு சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து ஹூபரிடம் நீட்டினாள்.

ஹூபரின் கை வழக்கம்போலச் சட்டைப்பைக்குப் போயிற்று. பாதியில் நின்றது. அவர் அந்த அம்மாளின் முகத்தைப் பார்த்தார். பையிலிருந்து கையை வெறுமையாக எடுத்து, இரண்டு கைகளாலும் சொம்பை வாங்கிக் குடித்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதி இறங்கிவிட்டது.

சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த அஞ்சலையும் அதைப் பார்த்துவிட்டாள்.

"ஏன் சார் கைய எடுத்துட்டாரு? குடுக்கச் சொல்லுங்க."

"அஞ்சல! இன்னாடி பேசற?" என்றாள் தாய், பதறிப்போய். "மோருக்குக் காசா?"

"நீ சும்மா இரும்மா. ஒனக்குத் தெரியாது." அவள் உள்ளங்கையை விரித்து ஹூபருக்கு முன்னால் நீட்டினாள். நீட்டிய கையைப் பின்னால் இழுத்துக்கொள்ளவில்லை. "இன்னிலேர்ந்து மோருக்கும் வாங்கிக்கறோம், சோத்துக்கும் வாங்கிக்கறோம். ஊருல நான் பேசிக்கறேன். ரோடு போட்டாலும் எங்க ஊருல காசு செலவு பண்ணலாம்னு அவரு எழுதட்டும்."

தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஏழுமலை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் மொழிபெயர்த்தேன். அவர் ஒரு ரூபாயை எடுத்து அவள் கையில் வைத்தார். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

அஞ்சலை விரல்களை மூடிக்கொண்டாள்.

"வாங்கிக்கினேன் சார். எழுதிக்கச் சொல்லுங்க."